குழாய் மேஸ்திரி விரலை ஆட்டினால்

மேடையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை. கல்யாணப் பெண். ஐயர். பெண்ணின் அப்பா, பம்மல்காரர். மாப்பிள்ளையின் தாய்மாமன், படப்பையில் கத்தரிக்காய் வியாபாரம். மேடையோரம் நாயனக்காரர், தவில்காரர். கீழே முதல் வரிசையில் எங்கள் ஆஸ்பத்திரி ஆட்கள்: மேட்ரனம்மா, தொண்டையில் டியூப் வைத்துப் பிழைத்த பஸ் கண்டக்டர், ஆஸ்பத்திரிக்குத் துணி தைத்த நான்.

இன்னும் ஒருவர். பெண்ணின் அப்பாவுக்குப் பின்னால், அவர் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, எந்தச் சொந்தமும் இல்லாமல் மேடையில் நின்றவர். அவர்தான் குழாய் மேஸ்திரி.

அவரைப் போல ஒரு ஆள் தாம்பரத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இருந்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது.

குழாய் என்றால் தண்ணீர்க் குழாய் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அப்போது ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது இல்லை. அதில் ஆண்கள் சர்ஜிகல் வார்டில் அவர் நர்சிங் அசிஸ்டென்ட். எழுபதுகளின் தொடக்கம். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. வார்டுக்கும் என் தையல் அறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல். அதன் வழியாகத்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும்.

புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் அவரே போய்ப் பாடம் எடுப்பார். யாரும் கேட்காமலே எடுப்பார்.

"மனுசன்னா இன்னாக்கா? மேல காத்துக் குழாய். கையில ரத்தக் குழாய். கீழ சாக்கடைக் குழாய். மூணும் ஓடிச்சின்னா ஆளு ஓடுவான். ஒண்ணு அடைச்சாலும் பேஜாரு."

மேட்ரனம்மா ஒரு தடவை கேட்டார். "அப்போ மனசு?"

"அது வேற வார்டுங்கம்மா."

சிவப்பு ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, அடைப்பு இருக்கிறதா என்று ஊதிப் பார்ப்பார். கொதிக்க வைப்பதற்கு முன்னால்தான் ஊதுவார். பின்னால் ஊதினால் மேட்ரனம்மா அவரையே கொதிக்க வைப்பார். பார்க்க வருகிறவர்கள் யாரோ நாயனம் பழகுகிறார்கள் என்று நினைத்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

தொண்டையில் டியூப் வைத்தவர்களுக்குச் சளி சேரும். மெல்லிய குழாயை உள்ளே விட்டு, காலால் மிதிக்கிற மெஷினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்கும்போது சளியோடு காற்றும் போகும். நோயாளிக்கு மூச்சு முட்டும். அதனால் சட்டென்று முடிக்க வேண்டும். இதற்கு மேஸ்திரி கடிகாரம் பார்க்க மாட்டார். குழாய் உள்ளே போகும்போது தன் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

"எனக்கு முட்டிச்சின்னா உனக்கும் முட்டும் நைனா. அப்ப இஸ்துடுவேன். பயப்படாத."

கன்னம் இரண்டும் உப்பும். முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போகும். கால் மட்டும் மிதித்துக்கொண்டிருக்கும். நோயாளி தன் கஷ்டத்தை மறந்து அவருக்காகக் கவலைப்படுவார்.

கண்டக்டர் அந்த வார்டில் இருந்தபோது இது முற்றியது. பக்கத்துக் கட்டில்காரர் பரிதாபப்பட்டு மேஸ்திரியோடு தானும் மூச்சைப் பிடித்தார். எதிர்க் கட்டிலும் பிடித்தது. கொஞ்ச நாளில் வார்டே பிடித்தது. மேஸ்திரி கன்னத்தை உப்பினால் போதும், ஆயா துடைப்பத்தோடு நிற்பாள். நானும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மெஷினை நிறுத்திவிட்டுப் பிடிப்பேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது.

அப்படி ஒரு நேரத்தில் பாஸ்டர் ஐயா ஜெபிக்க வந்தார். வார்டில் ஈ பறக்கிற சத்தம் கேட்கிறது. எல்லோரும் கண்ணை விரித்துக்கொண்டு கண்டக்டர் கட்டிலையே பார்க்கிறார்கள். பாஸ்டர் ஐயா விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்து, தலையைக் குனிந்து இறந்தவருக்கான ஜெபத்தைத் தொடங்கினார். நடுவில் கண்ணைத் திறந்தார். கண்டக்டர் அவருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். ஐயா மறுபடி அந்த வார்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்று இருமிவிட்டு வந்தார்.

ஒரு சமயம் மேஸ்திரிக்கு ஜலதோஷம். மூச்சைப் பிடிக்க முடியவில்லை. மேட்ரனம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, நான் இன்னிக்கு சளி எடுக்க மாட்டேன். மீட்டர் ரிப்பேரு."

"வாட்ச் இருக்கே, அதைப் பாத்து எடுங்க."

"வாட்சுக்கு மூச்சு முட்டாதேம்மா."

மேட்ரனம்மா வாட்சைப் பார்த்து அவரே எடுத்தார். நன்றாகவே எடுத்தார். மேஸ்திரி ஓரமாக நின்று மூக்கைச் சிந்திக்கொண்டே பார்த்தார். "கை சுத்தமா கீது" என்று என்னிடம் வந்து சொன்னார். அவருக்கு வருத்தம்தான்.

கண்டக்டருக்குக் குணமானதும், டியூப் வாயை விரலால் மூடிக்கொண்டு பேசிப் பார்க்கச் சொன்னார் மேஸ்திரி. ரொம்ப நாள் கழித்து ஒரு மனிதன் பேசப்போகிறான். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். கண்டக்டர் விரலை வைத்து மூடினார். "சில்லறையா குடு" என்றார்.

பாட்டில் கதைக்கு வருகிறேன். அப்போதெல்லாம் குளுக்கோஸ் கண்ணாடி பாட்டிலில் வரும். ஜனங்களுக்கு அதன் மேல் ஒரு மரியாதை. பாட்டில் ஏற்றினால்தான் வைத்தியம். படப்பையிலிருந்து கத்தரிக்காய் வியாபாரி ஒருவர் ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்து படுத்தார். எல்லாம் சரியாகி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்குப் பெரிய ஆபரேஷன். குடலை வயிற்றில் திறந்து வைத்திருந்தார்கள். அவருக்கு இரண்டு பாட்டில் தொங்கியது. வியாபாரியின் சொந்தக்காரர்கள் ஒரு வண்டி நிறைய வந்தார்கள்.

"பக்கத்து பெட்டுக்கு ரெண்டு பாட்டில் தொங்குது. எங்காளுக்கு ஒண்ணுகூட இல்லியா? நாங்க இன்னா எளச்சவங்களா?"

"அவரு இட்லி துன்றாரு. இதுக்கு மேல இன்னாத்த ஏத்தறது?" என்றார் மேஸ்திரி.

அவர்கள் கேட்கவில்லை. சத்தம் வலுத்தது. மேஸ்திரி ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கட்டிலுக்கு மேல் தொங்கவிட்டார். குழாயைப் போர்வைக்குள் விட்டு நுனியை முடிச்சுப் போட்டுக் கட்டில் கம்பியில் கட்டினார். வியாபாரியின் கையில் ஒரு பிளாஸ்திரி ஒட்டினார். சொந்தக்காரர்கள் பாட்டிலைப் பார்த்துத் திருப்தியாகக் கிளம்பினார்கள். வியாபாரிக்கும் தெம்பு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டிலில் பேச்சுக் கொடுத்தார்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். பாட்டிலைப் பார்த்தார். குழாயைப் பிடித்துக்கொண்டே போய்க் கட்டில் கம்பியில் வந்து நின்றார்.

"கட்டிலுக்கு எதுக்கு டிரிப்?"

மேஸ்திரிக்கு ஒரு வாரம் வார்டு இல்லை, ரப்பர் குழாய் கழுவுகிற வேலை. அதில் நியாயம் இருந்தது. பாட்டிலைக் கழற்றியதும் வியாபாரிக்குத் தலை சுற்றியது.

இனி பம்மல்காரர். வியாபாரி வீட்டுக்குப் போன பிறகு வந்தவர்.

தோல் கிடங்கில் மேற்பார்வை பார்த்தவர். குடலில் கட்டி. டாக்டர் கட்டியை எடுத்துவிட்டு, குடலின் நுனியை இடது பக்க வயிற்றில் வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார். இனிமேல் அவருக்கு எல்லாம் அந்த வழிதான். மனிதர் போர்வையை விலக்கவே மாட்டார். டிரஸ்ஸிங் மாற்றும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

மேஸ்திரி வயிற்றில் வைத்த அந்த வாய்க்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்.

"கோச்சிக்காத பெரியவரே. வூட்டோட வந்துட்டாரு, திருப்பி அனுப்ப முடியாது. நேரத்துக்குக் கவனிக்கணும். எப்ப கொரலு குடுப்பாருன்னு தெரியாது. கொடுத்தா அடக்கவும் முடியாது. மாப்பிள்ளை இல்லாம வேற இன்னா?"

பம்மல்காரர் சுவரைப் பார்த்தபடி சிரித்தார். முதுகு ஆடியதில் தெரிந்தது.

அந்தக் காலத்தில் அதற்குப் பை கடையில் கிடைக்காது. பஞ்சு வைத்துக் கட்டுவார்கள். கசியும். சுற்றிலும் தோல் வெந்து புண்ணாகும். மேஸ்திரி சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டினார். அதில் பாலிதீன் பையைச் செருகினார். பெல்ட் தைக்க என்னிடம் வந்தார். காடாத் துணியில் தைத்தேன். முதல் பெல்ட் இறுக்கம். அடுத்தது தளர்ச்சி. பிறகு சரியாக வந்தது.

நோயாளிக்குக் கட்டுவதற்கு முன்னால் தனக்கே கட்டிக்கொண்டார். பையில் கஞ்சி ஊற்றிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். குனிந்து கும்பிட்டார். பிறகு தூணைக் கட்டிப் பிடித்தார்.

"தூணை எதுக்குப்பா கட்டிப் பிடிக்கிறே?" என்றேன்.

"சம்பந்தியைக் கட்டிப் புடிக்கணுமேக்கா."

பை வெடித்தது. அந்த நேரம் பார்த்து வந்த மேட்ரனம்மாவின் ஷூ மேல் கொட்டியது. மேட்ரனம்மா ஷூவைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார்.

"கஞ்சிதானே?"

"கஞ்சிதாம்மா."

"சரி" என்று போய்விட்டார்.

சம்பந்தி என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பம்மல்காரருக்கு மனைவி இல்லை, ஒரே மகள். கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்து, சத்திரம் பேசி முடித்த பிறகுதான் இந்த ஆபரேஷன். மாப்பிள்ளை வீடு படப்பைப் பக்கம். வயிற்றுக் கட்டி எடுத்தார்கள் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்று இவருக்குப் பயம்.

"நான் வரல. எங்கண்ணன் நின்னு தாரை வாத்துக் குடுக்கட்டும்" என்றார்.

"வாசனை வரும்னு பாக்கறியா? சுத்தமா கட்டி அனுப்பறேன்" என்றார் மேஸ்திரி.

"வாசனைக்கு இல்லப்பா. தோல் கிடங்குலயே கெடந்தவன். எங்க சனத்துக்கு மூக்கு போயி ரொம்ப நாளாச்சு. சத்தத்துக்குத்தான். சபையில எல்லாரும் பாத்துகினு இருக்கறப்போ வயித்துலேர்ந்து சத்தம் வந்தா நான் எங்க போயி நிப்பேன்?"

மகள் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒல்லியான பெண். அழவில்லை.

"எங்கப்பா நிக்கலன்னா நான் மணையில உக்கார மாட்டேன். வந்தவங்க சாப்ட்டுட்டுப் போவட்டும்."

அப்பாவும் மகளும் ஒரே பிடிவாதம். மேஸ்திரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் ஜன்னலுக்கு வந்தார்.

"காலையில ஒரே டயத்துக்குத் தண்ணி வுட்டுக் கழுவிட்டா, சாயங்காலம் வரைக்கும் வேற ஒண்ணும் வராதுக்கா. மொச்சை, முட்டைகோஸ் வாணாம்னு சொல்லிடலாம். காத்துதான் என் பேச்சைக் கேக்காது."

நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கெட்டிமேளம் எதுக்கு அடிக்கறாங்க?"

"தாலி கட்டுறப்போ அடிப்பாங்க."

"அதான், எதுக்கு? எவனாவது தும்மினா கேக்கக் கூடாதுன்னுதானே? சத்தத்தை மறைக்கத்தானே அதைக் கண்டுபுடிச்சான்? நாம புச்சா ஒண்ணும் செய்யப் போறதில்ல."

அன்றே, அந்தக் கல்யாணத்துக்குப் பேசியிருந்த தவில்காரரைத் தேடி இரும்புலியூருக்குப் போனார். தவில்காரர் முறை தெரிந்த ஆள்.

"ஐயர் சொன்னா அடிப்பேன். நீ விரல ஆட்டினா அடிக்கறதுக்கு நீ யாரு?"

மேஸ்திரி மறைக்கவில்லை. உள்ளதைச் சொன்னார். வயிற்றில் வாய், அதில் சத்தம், பெண்ணைப் பெற்றவர்.

தவில்காரர் தவிலை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"எப்ப வரும்னு முன்கூட்டித் தெரியுமா?"

"தெரியாது."

"அவருக்கே தெரியாதா?"

"தெரியாது. ஆனா பெல்ட்டு மேல கைய வச்சிருந்தா எனக்குத் தெரியும். மொதல்ல உள்ள உருளும். அப்பறம்தான் சத்தம்."

"என்ன சுருதி?" என்று கேட்டார் தவில்காரர். ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

மேட்ரனம்மாவிடம் காலை லீவு கேட்டபோது அவர் கேட்டார். "கல்யாணத்துல நிக்கறது எந்தக் குழாய் வேலை?"

"ஓவர்டைமுங்கம்மா."

அப்படித்தான் அவர் மேடையில் ஏறினார். கையில் ஒரு காக்கிப் பை. அதில் இன்னொரு பெல்ட், இன்னொரு வளையம், களிம்பு, துணி. பம்மல்காரருக்குப் பட்டு வேட்டி. உள்ளே நான் தைத்த பெல்ட். முகத்தில் ரத்தமே இல்லை.

ஏறினதும்தான் மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பார்த்தோம். பாட்டில் கேட்ட அதே கத்தரிக்காய் வியாபாரி. இந்த உறவு எங்களுக்குத் தெரியாது. மேட்ரனம்மா என் கையை அழுத்தினார். வியாபாரி மேஸ்திரியைக் கண்டதும் முகம் மலர்ந்து வந்தார்.

"நீங்க பாட்டில் போட்டவர் இல்ல? அன்னிக்கு நீங்க ஏத்தின பாட்டில்லதான் இன்னிக்கும் நடமாடிகினு கீறேன். இங்க எங்க?"

"பொண்ணு வூட்டுக்கு வேண்டியவன்" என்றார் மேஸ்திரி.

வியாபாரி மேஸ்திரியின் கை இருந்த இடத்தைப் பார்த்தார். பம்மல்காரரைப் பார்த்தார். போய் உட்கார்ந்துகொண்டார்.

ஹோமம் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. மேஸ்திரியின் விரல் ஆடியது. தவில் இடித்தது. சபை யோசிக்காமல் அட்சதை தூவியது. மாப்பிள்ளை சட்டென்று தட்டிலிருந்து தாலியை எடுத்துவிட்டார். ஐயர் அவர் கையைப் பிடித்து மறுபடி தட்டில் வைக்க வைத்தார்.

"யாருய்யா மேளம் சொன்னது?"

தவில்காரர் கூரையைப் பார்த்தார்.

அடுத்து இரண்டு தடவை, ஒன்றன்பின் ஒன்றாக. சபை மறுபடி தூவியது. கையில் அட்சதை தீர்ந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் ஜமக்காளத்திலிருந்து அரிசி பொறுக்கிப் பெரியவர்களுக்குக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் தாலியிடம் கையைக் கொண்டுபோனார். ஐயர் தட்டைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். நான்காம் தடவை அவர் பொறுக்க முடியாமல் மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"என்ன வழக்கம் இது?"

"எங்க வார்டுல இப்பிடித்தான் சாமி."

தாரை வார்க்கும் நேரம் வந்தது. அதுதான் எல்லோரும் பயந்த நேரம். பம்மல்காரரின் இரண்டு கையிலும் மகள் கை. செம்பைத் தூக்கி ஊற்ற அவர் அண்ணன் மனைவி. பம்மல்காரரின் கை தாழ்ந்துகொண்டே வந்தது. மேஸ்திரி ஒரு கையைப் பெல்ட்டில் வைத்து, மறு கையால் அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். ஆட்டுவதற்கு விரல் மிச்சமில்லை. நாயனக்காரர் வாய் வைத்து ஊதுகிற சீவாளியைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார். தவில்காரர் அப்போதுதான் காபித் தம்ளரை எடுத்தார்.

மேஸ்திரியின் முகம் மாறியது. உள்ளே உருள்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாதபோது எப்போதும் செய்வதைச் செய்தார். கன்னத்தை உப்பி மூச்சைப் பிடித்தார்.

கீழே கண்டக்டர் பிடித்தார். நான் பிடித்தேன். மேட்ரனம்மாவும் பிடித்தார், அதை என் கண்ணால் பார்த்தேன். எங்கள் முகத்தைப் பார்த்த பின் வரிசை, என்னவோ என்று பேச்சை நிறுத்தியது. அதற்குப் பின் வரிசையும் நிறுத்தியது. அதுவரை சந்தைக்கடையாக இருந்த சத்திரம் ஒரே நொடியில் அடங்கிவிட்டது.

அந்த அமைதியில் சத்தம் வந்தது. நீளமாக வந்தது. சமையல் கட்டு வரை கேட்டிருக்கும்.

பம்மல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். மகள் விடவில்லை. ஒரு கையால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மருதாணியோடு மேலே தூக்கி விரலை ஆட்டினாள்.

"கெட்டிமேளம்" என்றாள். "கெட்டிமேளம், கெட்டிமேளம்."

எந்தக் கல்யாணப் பெண்ணும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தவில்காரர் தம்ளரைப் போட்டுவிட்டு அடித்தார். நாயனம் சீவாளி இல்லாமல் நின்றது.

மேளம் ஓய்ந்தது. சபை தாய்மாமனைப் பார்த்தது. மேடையில் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அது என்ன சத்தம் என்று அவருக்குத் தெரியும். எங்கள் வார்டில் அப்படி ஒரு வயிற்றுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்து எழுந்தவர். மேஸ்திரியின் கன்னம் இன்னும் உப்பியே இருந்தது.

வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பொண்ணுக்கு அவசரம்யா. ஐயரே, சட்டுனு ஆவட்டும்."

சத்திரம் சிரித்தது. அந்தப் பெண்ணை இன்றைக்கும் படப்பையில் கெட்டிமேளம் கேட்ட பெண் என்றுதான் சொல்கிறார்கள். அவள் மறுத்ததில்லை.

மேஸ்திரி மூச்சை விட்டார். நாங்களும் விட்டோம். பம்மல்காரர் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். தண்ணீர் விழுந்தது. தாரை வார்த்துக் கொடுத்தார். தாலி கட்டும்போது வயிறு அமைதியாக இருந்தது. தவில் மட்டும்தான் கேட்டது.

மேஸ்திரிக்கு மதியம் டூட்டி. சாப்பிடவில்லை. பம்மல்காரரின் பெல்ட்டைப் பந்தல் மறைவில் மாற்றிக் கட்டிவிட்டு, காக்கிப் பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வாசலுக்கு நடந்தார். பந்தி தொடங்கியிருந்தது. அவர் வாசற்படி இறங்கும்போது, ஐயர் சொல்லாமல், யாரும் விரலை ஆட்டாமல், தவில்காரர் எழுந்து நின்று அடித்தார். இலையில் இருந்தவர்கள் எதற்கு என்று தெரியாமல் நிமிர்ந்தார்கள். மாப்பிள்ளை பழக்கத்தில் தட்டைத் தேடினார்.

மேஸ்திரி திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு பஸ்ஸுக்குப் போனார்.

மேட்ரனம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனை அடிச்சான், எண்ணினியா?" என்றார்.

எண்ணியிருந்தேன். வயிற்றுக்கு நான்கு. பெண் கேட்டது ஒன்று. தாலிக்கு ஒன்று. மேஸ்திரிக்கு ஒன்று.

ஏழு.